இரண்டு பேர் வாசித்த ஒரு மூச்சு

எங்கள் பேண்டு செட்டில் ‘பெரிய பீஸ்’ என்று ஒன்று உண்டு. அதை வாசித்த நாளில் எனக்குச் சோறு இறங்காது. உதடு தடித்துப்போய்க் குழம்பின் காரம் பட்டாலே எரியும். கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறிக்கும். அப்படியும் ஒவ்வொரு திருவிழாவிலும் மாஸ்டர் இன்றைக்கு அதை எடுப்பாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அலுத்துக்கொண்டே ஆசைப்படுகிற வேலை ஒன்று எல்லோருக்கும் இருக்குமோ என்னவோ, எனக்கு இது.

நான் வாசிப்பது யூபோனியம். கல்யாண ஊர்வலத்தில் எல்லோருடைய கண்ணும் டிரம்பெட்காரர் மேலும் கிளாரினெட்காரர் மேலும்தான் இருக்கும். அவர்களுக்குப் பின்னால் பெரிய பித்தளைக் குழல் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, கன்னம் உப்ப ஒருவன் நடந்து வருவான். போட்டோவில் அவன் பாதிதான் விழுவான். அந்தப் பாதி ஆள் நான். மேலே பாடுகிறவர்களுக்குக் கீழே தரை போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. தரை சரியாக இருக்கிறவரை அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பேண்டு இல்லாத நாட்களில் கள்ளக்குறிச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் பெயிண்ட் வேலைக்குப் போகிறேன். சுவருக்குப் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். என் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கல்யாணம், திருவிழா, சாவு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். சிவப்புக் கோட்டுக்குள் வேர்வை ஊற, முன்னால் பட்டாசுப் புகையும் பின்னால் ஜெனரேட்டர் புகையுமாகத் தார் ரோட்டில் நடக்கவேண்டும். இப்போதெல்லாம் கல்யாணத்தில் நாங்கள் மூச்சைப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டுப் பெட்டியைப் போட்டுவிடுகிறார்கள். போட்டுக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவேன். சண்டை போடுகிற வயதெல்லாம் போய்விட்டது.

செட்டில் இரண்டு யூபோனியம். ஒன்று என்னிடம், இன்னொன்று என் அக்கா புருஷனிடம். மாமா என்றுதான் கூப்பிடுவேன். எலவனாசூர்கோட்டைக்காரர். கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்களில் லோடு ஏற்றுவார். மாஸ்டர் பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வுபெற்று வந்து செட்டு சேர்க்க ஆரம்பித்தபோது, மற்ற வாத்தியங்களுக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. தூக்கவே பயமாக இருந்த இந்த இரண்டு குழல்கள்தான் மிச்சம். வேடிக்கை பார்க்கப் போன எங்கள் இரண்டு பேரையும் அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆளுக்கொன்றைக் கையில் கொடுத்தார். நெஞ்சு அகலமாக இருந்ததைத் தவிர எங்களுக்கு வேறு தகுதி கிடையாது. அன்றிலிருந்து மாமாவின் இடது தோளும் என் வலது தோளும் ஒட்டியே இருந்தன.

பெரிய பீஸ் மாஸ்டரே எழுதியது. ஊர்வலத்தில் அதை வாசிக்கமுடியாது. நடந்துகொண்டே வாசித்தால் ஆள் விழுந்துவிடுவான். சாமி மண்டகப்படிக்கு இறங்கி நிற்குமே, அப்போது எங்களுக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கும். அங்கே வட்டமாக நின்றுகொண்டு வாசிப்போம். முதலில் நிதானமாகப் போகும். நடுவில் கிளாரினெட்டுகள் விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும். கடைசியில் எல்லாம் அடங்கி, யூபோனியம் மட்டும் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அறுபடாமல், படிப்படியாகக் கீழே இறங்கும். அதன்மேல் கால் வைத்து டிரம்பெட்டுகள் மேலே ஏறும். நாங்கள் இறங்க இறங்க அவர்கள் ஏறுவார்கள். அந்தச் சுரம் ஒரு இடத்தில்கூட அறுந்துவிடக்கூடாது. அறுந்தால் டிரம்பெட் அந்தரத்தில் நிற்கும்.

எந்த மனிதனாலும் ஒரே மூச்சில் அதை வாசிக்கமுடியாது. அதனால்தான் இரண்டு பேர். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்ளவேண்டும். எங்கே வாங்குவது என்பது காகிதத்தில் எழுதியிருக்காது. மாமாவின் விலா விரிவது என் முழங்கைக்குத் தெரியும். அவர் வாங்குகிறார் என்று தெரிந்ததும் நான் இன்னும் அழுத்திப் பிடிப்பேன். என் விலா விரிந்தால் அவர் பிடிப்பார். கேட்கிறவர்களுக்கு ஒரே ஆள், அதுவும் மூச்சே விடாத ஒரு ஆள் வாசிப்பதுபோல இருக்கும். வாசிக்கிற எங்களுக்கே எது என் சத்தம், எது அவர் சத்தம் என்று தெரியாது. இரண்டும் ஒரே பித்தளை, ஒரே சுரம். சில நாட்களில் அது அப்படியே அமைந்துவிடும். டிரம்பெட் உச்சிக்குப் போய் நிற்கும்போது என் நெஞ்செலும்பு அதிரும், காலுக்குக் கீழே மண்ணும் அதிருகிறதோ என்று தோன்றும். அந்த நேரத்தில் எனக்கு முட்டிவலி, வீட்டுக் கவலை ஒன்றும் இருக்காது. நான் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று யாராவது கேட்டால் அந்தச் சுரத்தின் நடுவில் என்றுதான் சொல்வேன்.

பிறகு ஒரு வருஷம் அந்தச் சுரத்தில் ஓட்டை விழ ஆரம்பித்தது. இரண்டாவது இறக்கத்தில், மாமா மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வருகிற இடத்தில் சத்தம் கண் சிமிட்டுகிற அளவுக்குச் சோர்ந்து எழுந்தது. முதலில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. பிறகு டிரம்பெட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா வாங்குகிற மூச்சு நீளமாகிவிட்டது, திரும்பி வர நேரமாகிறது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். என்னைவிட மூத்தவர், வாழ்நாள் முழுக்க பீடி குடித்தவர். நானோ பீடியைத் தொட்டதில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் இன்னும் இழுத்துப் பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன். இரண்டு ஆள் மூச்சை ஒருத்தனாகச் சுமக்கிறேன் என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வேன். அவள் மாமாவைப் பாவம் என்பாள். நானும் பாவம்தான் என்பேன்.

எலவனாசூர்கோட்டைத் திருவிழாவில் அந்தச் சுரம் நன்றாகவே அறுந்தது. மாமாவின் சொந்த ஊர். அக்காவும் அவர் பங்காளிகளும் தெருவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுரம் நின்று, டிரம்பெட் உச்சியில் பிசிறடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தவறு யாருடையது என்று கூட்டத்துக்குத் தெரியாது. டிரம்பெட்காரரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்த மனிதர் அதற்குப்பிறகு எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை.

நாங்கள் பயிற்சி எடுப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், சமையல் கொட்டகையில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மண்டபத்துக்காரர் விடுவார். அடுத்த பயிற்சிக்குப் போனபோது மாஸ்டர் வாத்தியங்களை எடுக்கச் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் மட்டும் முன்னால் வரச்சொன்னார். அவர் அதட்டுகிறவர் இல்லை. மெல்லப் பேசினால்தான் எங்களுக்குப் பயம்.

“ஓட்ட வுழுதுப்பா. உங்க ரெண்டு பேர்ல யாருது?” என்றார்.

மாமாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை, பழியை நான் ஏற்றுக்கொள்ளவும் மனமில்லை. அதற்குள் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“என்னுதுதாங்க. மூச்சு முன்ன மாதிரி இல்லீங்க” என்றார்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அவராகவே சொல்லிவிட்டாரே என்று அவர்மேல் மதிப்புக்கூட வந்தது. போகிற வழியில் டீ வாங்கிக் கொடுத்து, வயசானால் எல்லோருக்கும் வருவதுதான் மாமா என்று ஆறுதல் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். அந்த வாரமே தன் யூபோனியத்தைப் புளி போட்டு, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து மாஸ்டரிடம் ஒப்படைத்தார். கரும்பு லோடு வேலையையும் விட்டார். உளுந்தூர்பேட்டையில், நெடுஞ்சாலையோரம் பஸ்கள் நிற்கிற ஒரு ஓட்டலில், வண்டிகளை ஓரம் கட்டி நிறுத்தச் சொல்கிற வேலை கிடைத்தது. நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

யூபோனியத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மாஸ்டர் விழுப்புரத்தில் இருந்து ஒரு சாக்சபோன்காரரைக் கூட்டிவந்தார். மாமாவின் பங்கை அவர் சாக்சபோனில் வாசிப்பது என்று ஏற்பாடு. அமைதியான மனிதர், வேலையில் கெட்டி. கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிப்போய்விடும். யார் எங்கே விட்டார்கள், யார் எங்கே பிடித்தார்கள் என்று கண்டுபிடிக்கமுடியாது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பினேன். எனக்கு அசதி மட்டும் குறையவில்லை. பெயிண்ட் வேலையில் ஏணி ஏறி இறங்குவதால் என்று நினைத்தேன்.

அப்புறம் கல்வராயன் மலையில் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. வேனில் வாத்தியங்களைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். வளைவுகளில் வேன் திரும்பும்போதெல்லாம் பேஸ் டிரம் உருண்டு வந்து யாராவது ஒருவர் மடியில் உட்காரும். மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது, ஆனாலும் பித்தளை கையில் பட்டால் சில்லென்றிருந்தது. சூடேற்றுவதற்காகக் குழலுக்குள் வெறும் மூச்சை ஊதிக்கொண்டே நின்றோம். சாமி புறப்படுவதற்குள் கேழ்வரகுக் களி உருண்டையும் கீரையும் கொடுத்தார்கள். வாசிக்கப்போகிறவன் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது என்று தெரிந்தும் சாப்பிட்டேன்.

அந்த ஊரில் மைக் செட் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. கோயிலுக்கு முன்னால் மண் களம். ஜனங்கள் பாறைமேலும் மரத்தடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். சாமியை இறக்கி வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கீழே சமவெளியில் எந்தத் திருவிழாவிலும் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, மாஸ்டராகவே பெரிய பீஸை எடுத்தார். அந்த அமைதியைப் பார்த்து அவருக்கே ஆசை வந்திருக்கும்.

ஆரம்பம் அருமையாக வந்தது. கிளாரினெட்டுகள் ஓடியபோது பாறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, தாங்கமாட்டாத சிரிப்பு. எனக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. பிறகு எங்கள் முறை வந்தது. சுரத்தைப் பிடித்தேன். சாக்சபோன் என்னோடு சேர்ந்தது. முதல் இறக்கம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது இறக்கத்தில் சாக்சபோன்காரர் மூச்சு வாங்குவதற்காக விட்டார்.

அப்போதுதான் என் சத்தத்தை நான் தனியாகக் கேட்டேன். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக. சாக்சபோனின் குரல் வேறு, யூபோனியத்தின் குரல் வேறு. அது விலகியதும் களத்தில் என்னுடையது மட்டும்தான் நின்றது. நின்றது என்பதுகூடப் பொய். அடுப்பில் விறகு தீர்ந்துபோன மாதிரி அது தணிந்துகொண்டே வந்தது. நான் அழுத்தினேன், வயிற்றை எக்கிப் பிழிந்தேன், ஒன்றும் வரவில்லை. சாக்சபோன்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்ன இடத்தில் சொன்னபடி திரும்பி வந்தார். அதற்கு முன்பே நான் அறுந்துவிட்டிருந்தேன். எலவனாசூர்கோட்டையில் விழுந்த அதே ஓட்டை, அதே இடம்.

டிரம்பெட்காரர் சமாளித்துக்கொண்டார். மலை ஜனங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, முடிந்ததும் கைதட்டினார்கள். ஒருவர் வந்து என் குழலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நான் குளிர் என்று சொல்லிப் பார்த்தேன், களி என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் என்னிடம் காரணம் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது மாஸ்டர் முன் சீட்டில் உட்காராமல் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேன் வெள்ளிமலையைத் தாண்டியது.

“அன்னிக்கு அவன் ஏன் அப்பிடிச் சொன்னான்?” என்று மட்டும் கேட்டார்.

தெரியலீங்க என்றேன். அது உண்மைதான். மாமா என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னாரா, நிஜமாகவே நம்பிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவுக்குள் நானே வந்து சொல்வேன் என்று காத்திருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

நான் சொல்லவில்லை. சொன்னால் யூபோனியத்தைக் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால் நான் வெறும் பட்டி தேய்க்கிறவன். அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. வேலை நடந்த ஒரு வீட்டின் மொட்டை மாடியில், மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு, வாத்தியம் இல்லாமல் வெறும் வாயால் அந்தச் சுரத்தை இழுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் விலாவுக்குள் யாரோ கதவைச் சாத்தினார்கள். மறுபடி இழுத்தேன், மறுபடி சாத்தினார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். மாமா இப்போது நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு இதெல்லாம் இனி எதற்கு, நன்றாகத்தானே இருக்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா வந்துதான் அந்தச் சமாதானத்தைக் கெடுத்தாள். கள்ளக்குறிச்சிக்குத் துணி எடுக்க வந்தவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாமா இப்போதெல்லாம் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறாராம். பீடியை விட்டுவிட்டாராம். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்குவதில்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடுத்தார்களாம்.

“படத்துல ஒண்ணும் இல்லன்னுட்டாங்கடா. அவரு நம்பமாட்டேங்கறாரு. என் மூச்சு எனக்குத் தெரியாதாங்கறாரு” என்றாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்த மனிதருடைய மூச்சு நன்றாக இருக்கிறது என்பது உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிப் படத்தை நம்பாதவர் என்னை நம்புவார். எனக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது, இருந்தாலும் மறுநாள் வேலைக்குப் போகாமல் உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

மாமா ஓட்டல் வாசலில், சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்கள் வந்து திரும்புகிற இடத்தில் நின்றிருந்தார். சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சியை ஆட்டி வண்டிகளைப் பின்னால் வரச்சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, ஓடவில்லை. இரண்டடி வைப்பார், நிற்பார். கிழவர் மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இன்னா மாப்ள, இந்தப் பக்கம் என்று டீக்கடைப் பெஞ்சுக்கு அழைத்துப்போனார். பெஞ்சில் உட்காரும்போது கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. மலையில் நடந்ததைச் சொன்னேன். சாக்சபோன் விலகியதும் என் சத்தம் தனியாகக் கேட்டது, அது தானாகவே அறுந்தது என்று சொன்னேன். “கொறஞ்சது உங்க மூச்சு இல்ல மாமா. என்னுது” என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

இல்லை என்றேன்.

“மொதல்ல அத்தப் பண்ணு” என்றார். பிறகு என் முகத்தை, கண் இமையில் இன்னும் போகாமல் ஒட்டியிருந்த பட்டித் தூசியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னுடையதுதான் என்று அன்றைக்கே தெரிந்துதான் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தாகவேண்டியிருந்தது.

“எனக்கு இன்னாடா தெரியும். நீயா நானான்னு எனக்கும்தான் தெரியல. அவரு கேட்டுட்டு நின்னுக்கினு இருக்காரு. யாரோ ஒருத்தர் சொல்லணுமில்ல. உனக்கு அத்த வுட்டா வேற இன்னா இருக்குது, அதான் சொன்னேன்.”

ஒரு பஸ் பின்னால் வந்தது. அவர் எழுந்து போகவில்லை. வேறு யாரோ கையைத் தட்டி அதை நிறுத்தினார்கள். மாமா தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“சும்மாதான் சொன்னேன். அப்புறம் படி ஏறினா மூச்சு வாங்குற மாதிரி இருந்திச்சி. சரி, வாயில சொன்னது நெஜந்தான் போலன்னு நெனச்சிக்கினேன். பேத்தியத் தூக்கறதையே வுட்டுட்டேன்டா. அது கைய நீட்டிக்கினு வரும். நான் வேற பக்கம் பாத்துக்குவேன்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நான் அழுதேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வெட்கமாக இல்லை. வாசிப்பை எனக்கு விட்டுக்கொடுத்ததோடு போயிருந்தால்கூட எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பேன். என்னுடைய நோயையும் வாங்கிக்கொண்டு போய் இத்தனை மாதம் தன் உடம்பில் வைத்திருந்திருக்கிறார். நானோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னவன். மாஸ்டரிடம் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன், அந்தக் குழல் உங்களுடையது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்துபோய்க் குச்சியைத் தன்னோடு வேலை செய்கிறவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றார்.

பஸ்ஸில் கூட்டம். எலவனாசூர்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். இறங்கியதும் மாமா நடக்க ஆரம்பித்தார். முதலில் பழக்கத்தில் மெதுவாகத்தான் நடந்தார். கோயில் தெரு திரும்பியதும் வேகம் கூடியது. நான் எட்டிப்போட்டு நடந்து பார்த்தேன், பிடிக்கமுடியவில்லை. ஒரு திருப்பத்தில் நின்று விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பேத்தி அவரிடம் வந்து நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டவில்லை. நீட்டக்கூடாது என்று அதற்குப் பழகிவிட்டது. அவர் பக்கத்தில் நின்று அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். மாமா குனிந்து அதை ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“எறக்கி வுடு தாத்தா. உனக்கு மூச்சு வாங்கும்” என்றது குழந்தை.

அவர் இறக்கவில்லை. வாசலில் இருந்து கிணற்றடி வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். குழந்தை அவர் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு அக்கா சமையலறையில் இருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். ஓடிவந்தவள் அவரை ஒரு தடவை பார்த்தாள், அதற்குமேல் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.